பச்சைக் கட்சியா சிவப்புக் கட்சியா? ரெண்டு பேருக்கும் நாலு வார்த்தை

முன்குறிப்பு: கொஞ்சம் பெரிய பதிவு. டீயோ காப்பியோ எடுத்துக்கிட்டு உக்காருங்க. என்விடியா ரசிகர்களும் ஏஎம்டி ரசிகர்களும் எனக்கு தனித்தனியா ஆட்டோ அனுப்ப வேண்டாம். ஷேர் ஆட்டோவா அனுப்பினா ரெண்டு பேருக்கும் செலவு மிச்சம் :-)

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரல. ஆணி அதிகம். இப்ப வந்திருக்கறதுக்கு காரணம் என் அக்கா பையன். சங்கரன்கோவில்ல இருக்கான், இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம். போன வருஷம், அதாவது 2025 ஆகஸ்டுல ஒரு ராத்திரி போன் பண்ணினான்.

"மாமா, புது கிராபிக்ஸ் கார்டு வாங்கி ரெண்டு மாசம் ஆச்சு. கேம் ஆரம்பிச்சு பத்து நிமிஷம் நல்லா போவுது. அப்புறம் திக்கித் திக்கி நிக்குது. செவுரு, தரை எல்லாம் மங்கலாத் தெரியுது. கார்டு போயிடுச்சா மாமா?"

கார்டு போகல. நாலு கேள்வி கேட்டதுல விஷயம் தெரிஞ்சு போச்சு. வாங்கினது எட்டு ஜிபி மெமரி உள்ள கார்டு. மாட்டியிருக்கறது 27 இஞ்ச் 1440பி மானிட்டர். கேம்ல எல்லா செட்டிங்கும் அல்ட்ரா. மெமரி நிரம்பி வழியுது, அவ்வளவுதான்.

"ஏன்டா மாப்ள, அதே பேர்ல பதினாறு ஜிபியும் இருக்கே, அதை வாங்கியிருக்கலாம்ல?"

"கடையில ஏழாயிரம் கூட சொன்னாங்க மாமா. கம்பெனிதான் முக்கியம், அந்த கம்பெனி கார்டு எதுவா இருந்தாலும் கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்னு போன தீபாவளிக்கு வந்தப்ப நீங்கதானே சொன்னீங்க?"

அவ்வ்வ்வ்வ்...

சொன்னேன். சத்தியமா சொன்னேன். அதிரசத்தை வாயில போட்டுக்கிட்டே சொன்னேன். இந்தப் பதிவுல நான் திட்டப்போற ஆளுங்க பட்டியல்ல முதல் ஆளு நான்தான். மத்தவங்க எல்லாம் வரிசையா பின்னாடி வந்து நில்லுங்க.

எந்த கம்பெனி கார்டுன்னு கேக்காதீங்க, சொல்லமாட்டேன். சொன்னா ஒரு கோஷ்டி விசில் அடிக்கும், இன்னொரு கோஷ்டி கல்லெடுக்கும், நான் சொல்ல வந்தது காத்தோட போயிடும். அதுவுமில்லாம இந்த எட்டு - பதினாறு வேலையை ரெண்டு கம்பெனியும் செஞ்சிருக்கு. என்விடியா 2025 ஏப்ரல்ல ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ கார்டை எட்டு ஜிபி 379 டாலர், பதினாறு ஜிபி 429 டாலர்னு ஒரே பேர்ல விட்டது. ஏஎம்டி அதே வருஷம் ஜூன்ல ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி கார்டை எட்டு ஜிபி 299, பதினாறு ஜிபி 349னு ஒரே பேர்ல விட்டது. ரெண்டு இடத்துலயும் வித்தியாசம் அம்பது டாலர். ரெண்டு இடத்துலயும் பொட்டியில பெரிய எழுத்துல பேரு, மெமரி ஒரு ஓரத்துல.

ஆயிரத்து நூறு கிலோ மாவு

எங்க அத்தான் மாவு மில் வச்சிருக்கார். கிலோவுக்கு எட்டு ரூபா அரவைக் கூலி. பையன் கேட்டான்னு மூணு தவணையா பணம் சேத்து குடுத்திருக்கார். இந்தக் கார்டை வித்துட்டு வேற வாங்கணும்னா ஒன்பதாயிரம் ரூபா நஷ்டம்னு கணக்கு வந்துது. ஒன்பதாயிரத்தை எட்டால வகுத்துப் பாருங்க. ஆயிரத்து நூறு கிலோவுக்கு மேல அரைக்கணும். அதுவும் கரண்டு பில்லு, பெல்ட்டு தேய்மானம் எதுவும் கழிக்காம.

"உன் மருமகனுக்கு கம்பெனி பேரு தெரிஞ்சிருக்கு. மில்லுக்கு பெல்ட்டு வாங்கப் போனா நான் புல்லி அளவு சொல்லுவேன், மோட்டார் ஹெச்பி சொல்லுவேன். அதுக்கு சேர்ற பெல்ட்டை எடுத்துப் போடுவான். கம்பெனி பேரைச் சொல்லி பெல்ட்டு கேட்டா கடைக்காரன் என்னைப் பாத்து சிரிப்பான்ல?"

அத்தான் கோவமா சொல்லல, சாதாரணமாத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்குன்னு இருந்துச்சு. இருபது வருஷமா கம்ப்யூட்டர் சேத்து மாட்டிக்கிட்டு இருக்கற எனக்கு தெரியாதது, எட்டாவது வரைக்கும் படிச்ச மனுஷனுக்கு தெரிஞ்சிருக்கு.

நான் எப்படி கட்சியில சேந்தேன்

2004-ல முதல் கார்டு வாங்கினேன். டூம் 3, ஹாஃப் லைஃப் 2 ரெண்டும் வந்த வருஷம். ரிச்சி தெருவுல நாலு கடை ஏறி எறங்கி, பொட்டியில 256 எம்பின்னு போட்டிருந்த ஒண்ணை தூக்கிட்டு வந்தேன். ரூம்ல இருந்த நண்பன் 128 எம்பி கார்டுதான் வச்சிருந்தான். அவன் கம்ப்யூட்டர்ல ஓடினது, என்னுதுல நொண்டிச்சு. என் கார்டுல மெமரி பெருசு, ஆனா அதுக்குப் போற பாதை குறுகல், சிப்பும் சின்னது. பொட்டியில இருந்த ஒரே ஒரு நம்பரை நம்பி ஏமாந்தேன்.

இதுல இருந்து நான் என்ன கத்துக்கிட்டிருக்கணும்? சிப்பு, மெமரி, பாதை எல்லாத்தையும் சேத்துப் பாக்கணும்னு. நான் கத்துக்கிட்டது என்ன? "இந்த கம்பெனி திருட்டு கம்பெனி, இனிமே அந்த கம்பெனி." ஒரு கட்சியில அடி வாங்கிட்டு இன்னொரு கட்சியில போய் கொடி புடிச்சேன். அதுக்கப்புறம் இருபது வருஷம் அந்தக் கொடியை எறக்கவே இல்ல. தெரிஞ்சவங்க யாரு கேட்டாலும் அதே பதில். அவங்க என்ன மானிட்டர் வச்சிருக்காங்க, என்ன விளையாடுறாங்கன்னு ஒரு தடவை கூட கேட்டதில்ல.

பச்சைக் கட்சிக்காரங்களுக்கு

"என்விடியாதான் ராஜா"ங்கறீங்க. சரி, உச்சியில இருக்கற கார்டு அவங்களுதுதான். அதை யாரும் மறுக்கல. ஆனா நீங்க அந்தக் கார்டை வாங்கப் போறதில்லையே. ராஜா யானை மேல போறாருங்கறதுக்காக அரண்மனையில விக்கிற கழுதையை யானை விலைக்கு வாங்கிட்டு வரீங்க. இரண்டு லட்ச ரூபாய் கார்டு ஜெயிச்சா, முப்பதாயிரம் ரூபாய் கார்டும் ஜெயிக்கும்னு எந்த சட்டமும் இல்ல. ஒவ்வொரு விலையிலயும் தனித்தனி போட்டி.

2014-ல வந்த ஜிடிஎக்ஸ் 970 ஞாபகம் இருக்கா? நாலு ஜிபின்னு வித்தாங்க. அதுல மூணரை ஜிபிதான் முழு வேகம், கடைசி அரை ஜிபி நொண்டிங்கறது 2015 ஜனவரியிலதான் வெளிய வந்துது. அமெரிக்காவுல வழக்கு போட்டு, 2016-ல கார்டுக்கு முப்பது டாலர் குடுத்து முடிச்சுக்கிட்டாங்க. நம்ம ஊர்ல வாங்கினவனுக்கு முப்பது பைசா வரல.

2016-ல ஜிடிஎக்ஸ் 1060 மூணு ஜிபி, ஆறு ஜிபின்னு ரெண்டு வந்துது. மெமரி மட்டும்தான் வித்தியாசம்னு எல்லாரும் நினைச்சோம். சிப்புலயே 1280 கோருக்கு பதிலா 1152தான் இருந்துது. 2022-ல ஆர்டிஎக்ஸ் 4080ன்னு பன்னெண்டு ஜிபி, பதினாறு ஜிபி ரெண்டு அறிவிச்சாங்க. ரெண்டும் வேற வேற சிப்பு. ஊரே காறித் துப்பினதும் பன்னெண்டு ஜிபியை வாபஸ் வாங்கி, 2023 ஜனவரியில 4070 டிஐன்னு பேரை மாத்தி, நூறு டாலர் குறைச்சு வித்தாங்க. அந்த நூறு டாலர் குறைஞ்சது திட்டினவங்களாலதான். விசிலடிச்ச ரசிகர்களால ஒரு டாலர் குறையல.

அப்புறம் 2025 ஜனவரியில 549 டாலர் 5070, பழைய 4090 அளவுக்கு ஓடும்னு மேடையில சொன்னாங்க. எப்படி? வரைஞ்ச ஒவ்வொரு பிரேமுக்கும் நடுவுல மூணு பிரேமை ஊகிச்சு சொருகி. பாக்கறதுக்கு வழுவழுன்னு இருக்கும், ஒத்துக்கறேன். ஆனா நீங்க மவுஸை நகர்த்தறது உண்மையா வரையற பிரேமைத்தான் நகர்த்தும். முப்பது பிரேம்ல ஓடுற கேமை நூத்தி இருபதுன்னு காட்டினாலும் கைக்கு முப்பது மாதிரிதான் இருக்கும். ஏற்கனவே அறுபது எழுபது ஓடறதுக்கு மேல மெருகு போட அது நல்ல சாமான். இல்லாததை உண்டாக்க அது உதவாது.

சிவப்புக் கட்சிக்காரங்களுக்கு

சிரிக்காதீங்க, உங்க முறை வருது.

உங்க வசனம் "ஏஎம்டி ஏழைப் பங்காளன்". அப்படியா? 2022 ஜனவரியில ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டின்னு ஒண்ணு விட்டாங்க. 199 டாலர். நாலு ஜிபி மெமரி. போர்டோட பேச நாலே நாலு லேன். வீடியோ எடுத்து சுருக்குற வசதி சிப்புலயே கிடையாது. புது போர்டுல மாட்டினா ஏதோ ஓடும். பழைய பிசிஐஇ 3.0 போர்டுல மாட்டினா அந்த நாலு லேனும் பாதி வேகம், கார்டு மூச்சு வாங்கும். இருநூறு டாலர் கார்டை யாரு வாங்குவா? பழைய போர்டு வச்சிருக்கறவன்தானே? ஏழைக்குன்னு செஞ்ச கார்டு ஏழை வீட்டு போர்டுலதான் ஓடல. நல்ல பங்காளன்!

2017-ல ஆர்எக்ஸ் 560ன்னு வித்துக்கிட்டிருந்த கார்டுல 1024 கோர் இருந்துது. சத்தமில்லாம அதே பேர்ல 896 கோர் வச்ச கார்டும் கடைக்கு வந்துது. கண்டுபிடிச்சு கேட்டப்புறம்தான் தெளிவா போடறோம்னு சொன்னாங்க.

எல்லாத்துக்கும் மேல 2023 கதை. ஏப்ரல் மாசம், "பாருங்க, எங்க கார்டுல மெமரி ஜாஸ்தி, போட்டிக் கம்பெனி கார்டுல மெமரி பத்தாது"ன்னு நீட்டி முழக்கி எழுதினாங்க. அடுத்த மாசமே ஆர்எக்ஸ் 7600 கார்டை எட்டு ஜிபியோட விட்டாங்க. இதுக்கு எந்த ரசிகரும் பதில் சொல்லி நான் கேட்டதில்ல.

பழைய சரக்குக்கு புது லேபிள் ஒட்டறதுலயும் ரெண்டு பேருக்கும் சமமான அனுபவம். 2007-ல வந்த 8800 ஜிடி அடுத்த வருஷம் 9800 ஜிடி ஆச்சு. 2012-ல கடைக்கு வந்த ஹெச்டி 7970, 2013-ல ஆர்9 280எக்ஸ் ஆச்சு. நம்ம ஊர்ல பழைய புடவைக்கு இஸ்திரி போட்டு கண்ணாடி ஷோகேஸ்ல வச்சா ஊரே சிரிக்கும். இங்க மட்டும் வரிசையில நின்னு வாங்கறோம்.

"டிரைவர் சரியில்லப்பா"

இது பரம்பரைச் சொத்து மாதிரி கை மாறி வர்ற வசனம். ஏடிஐ காலத்துல அண்ணன் சொன்னதை தம்பி சொல்றான், தம்பி சொன்னதை அவன் ஜூனியர் சொல்றான். ஏடிஐயை ஏஎம்டி வாங்கினது 2006-ல. அந்த ஜூனியர் அப்ப எல்கேஜி கூட சேந்திருக்க மாட்டான்.

2019 கடைசியில ஆர்எக்ஸ் 5700 கார்டுகள்ல திரை கறுத்துப் போற தொல்லை இருந்துது, உண்மை. 2020 ஆரம்பத்துல டிரைவர் விட்டு சரி பண்ண வேண்டி வந்துது. அதே நேரம், 2010 மார்ச்சுல என்விடியா விட்ட ஒரு டிரைவர் ஃபேனை ஒழுங்கா சுத்த விடாம கார்டை சூடாக்கி, அவசரமா திரும்ப வாங்கினாங்க. 2025 ஆரம்பத்துல ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கும் திரை கறுக்கற தொல்லை வந்து, ஒண்ணு மேல ஒண்ணா திருத்தம் விட்டாங்க. டிரைவர்னா அந்தந்த வருஷம், அந்தந்த கார்டு. கோத்திரம் பாத்து டிரைவர் எழுதறதில்ல.

யாருக்காக இந்த விசில்?

ஒரு கணக்கு சொல்றேன். 2025 ஜனவரியோட முடிஞ்ச நிதியாண்டுல என்விடியாவோட மொத்த வருமானம் சுமார் 130 பில்லியன் டாலர். அதுல கேமிங் சுமார் 11 பில்லியன். டேட்டா சென்டர் 115 பில்லியன். ஏஎம்டிக்கு 2024-ல மொத்தம் சுமார் 25.8 பில்லியன், அதுல கேமிங் 2.6. ரெண்டு இடத்துலயும் கேமர்ங்கறவன் பத்துல ஒரு பங்குதான். அதுலயும் சங்கரன்கோவில் கேமர் எந்த மூலைக்கு?

இன்னொண்ணு கேளுங்க. என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங், ஏஎம்டி தலைவர் லிசா சூ, ரெண்டு பேரும் தைவான்ல பொறந்தவங்க. தூரத்து சொந்தம் வேற. 2025-ல கடைக்கு வந்த ஆர்டிஎக்ஸ் 50, ரேடியான் 9000 ரெண்டு வரிசைக்கும் சிப்பு செஞ்சது ஒரே டிஎஸ்எம்சி. இன்டெல் ஆர்க் கார்டு சிப்பும் அங்கதான். அங்க ஒரே அடுப்புல சமையல், பங்காளிங்க அவங்கவங்க கல்லாவை பாக்கறாங்க. இங்க ரெண்டு காலேஜ் பசங்க, ஒரே ஹாஸ்டல் ரூம்ல, கார்டு பேர்ல பேச்சுவார்த்தை இல்லாம இருக்கானுங்க. என் மருமகனும் அவன் ரூம்மேட்டும்தான் அது. கதை இல்ல.

விசுவாசத்துக்கு மதிப்பு உண்டான்னு பாக்கணும்னா ஈவிஜிஏவை பாருங்க. இருபது வருஷத்துக்கு மேல என்விடியா சிப்பு கார்டு மட்டும் செஞ்ச கம்பெனி. அவங்களே 2022 செப்டம்பர்ல போதும்டா சாமின்னு கார்டு வியாபாரத்தை விட்டே போனாங்க. கூட்டாளிக்கே அந்த நெலமைன்னா, ரசிகனுக்கு?

"ரெண்டும் நல்லதுதான்" கோஷ்டிக்கு

நடுநிலைன்னு சொல்லிக்கிட்டு "எது வாங்கினாலும் ஒண்ணுதான்"னு சொல்றவங்க மேலயும் எனக்கு கோவம்தான். ஒண்ணு இல்ல. ஒவ்வொருத்தன் தேவைக்கும், அவன் காசுக்கும், அன்னிக்கு கடையில இருக்கற விலைக்கும் ஒரு சரியான பதில் இருக்கு. அது ஆளுக்கு ஆள் மாறும், மாசத்துக்கு மாசம் மாறும். அதை உக்காந்து பாக்க சோம்பேறித்தனம், அதுக்கு நடுநிலைன்னு பேரு.

கம்பெனி பாத்தே ஆகவேண்டிய இடமும் உண்டு. மறைக்கக் கூடாது. பிளெண்டர் மாதிரி 3டி வேலை பண்றவன், கூடா கேக்கற மென்பொருள் வச்சு பொழைக்கிறவன், அவனுக்கு என்விடியா. அங்க வேற பேச்சே வேண்டாம், வேலை சீக்கிரம் முடியும். லினக்ஸ்ல விளையாடறவனுக்கு ஏஎம்டி. டிரைவர் கெர்னலோடவே வருது, தொல்லை குறைவு. டிஎல்எஸ்எஸ் ஆதரிக்கற கேமையே பெரும்பாலும் விளையாடுறவன், படத்தோட தரம் கூடுதலா தெரியுதுன்னு என்விடியாவுக்கு கொஞ்சம் அதிகம் குடுத்தா அதுலயும் நியாயம் இருக்கு. ஏஎம்டியோட எஃப்எஸ்ஆர் 4 அந்த இடைவெளியை நல்லாவே குறைச்சிருக்கு, ஆனா 2025-ல அது ரேடியான் 9000 வரிசைக்குன்னுதான் வந்துது. இன்டெல்லை மறந்துடாதீங்க. 2024 டிசம்பர்ல 249 டாலருக்கு பன்னெண்டு ஜிபியோட பி580 விட்டாங்க. ஆனா பழைய பிராசசரோட சேத்தா அது சுணங்கும், போர்டுல ரீசைசபிள் பார் கட்டாயம் வேணும். புது மெஷின் கட்டறவனுக்கு நல்ல சரக்கு, பழசுல சொருகறவனுக்கு வேண்டாம்.

கவனிச்சீங்களா? ஒவ்வொண்ணுலயும் முதல்ல ஆளோட தேவை வந்துது, அப்புறம்தான் பேரு.

அப்ப எப்படித்தான் வாங்கறது?

அத்தான் பெல்ட்டு வாங்கற மாதிரி.

முதல்ல மானிட்டர். 1080பியா, 1440பியா, 4கேவா? மானிட்டர்தான் புல்லி. 1440பிக்கு மேலன்னா, புது பெரிய கேம் விளையாடறவன் எட்டு ஜிபி பக்கமே போகக்கூடாது. ஏன்னா, கார்டுக்குள்ள இருக்கற மெமரியோட வேகம் இந்த விலைக் கார்டுகள்ல நொடிக்கு 300, 400 ஜிபி. அது நிரம்பினா மிச்சத்தை போர்டு வழியா கம்ப்யூட்டர் மெமரியிலதான் வைக்கணும். பழைய பிசிஐஇ 3.0 போர்டுல பதினாறு லேனுக்கு சுமார் 16 ஜிபி, எட்டு லேன் கார்டுன்னா சுமார் 8. நாலு வழிச்சாலையில வந்த லாரி ஒத்தையடிப் பாதையில எறங்கினா என்ன ஆகும்? அதைத்தான் என் மருமகன் திக்கித் திக்கின்னு சொன்னான். செவுரு மங்கலா தெரிஞ்சதும் அதனாலதான், இடமில்லாம கேம் சின்னப் படத்தை எடுத்து ஒட்டுது.

ரெண்டாவது, என்ன விளையாடப் போறே? வாலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் மட்டும்னா சின்ன கார்டே தாராளம். மிச்சக் காசுல நல்ல மானிட்டர் வாங்கு.

மூணாவது, வீட்ல இருக்கற மெஷின். பவர் சப்ளை எத்தனை வாட், அது நல்ல சரக்கா, கேபினட்ல கார்டு நுழையுமா, போர்டு பிசிஐஇ எத்தனை. 5060 டிஐ எட்டு லேன், 9060 எக்ஸ்டி பதினாறு லேன். புது போர்டுல பெரிய வித்தியாசம் இல்ல. பழைய போர்டுல, அதுவும் எட்டு ஜிபி கார்டுல, நல்லாவே தெரியும். இந்த ஒரு வரியை எந்தப் பொட்டியிலயும் பெருசா போடமாட்டாங்க.

நாலாவது, வாரண்டி. சிப்பு செய்யறவன் வேற, கார்டு செய்யறவன் வேற. அசூஸ், ஜிகாபைட், எம்எஸ்ஐ, சபையர், ஜோடாக் இவங்கதான் கார்டுக்கு பொறுப்பு. கார்டு போச்சுன்னா எங்க கொண்டு போகணும், உங்க ஊருக்குப் பக்கத்துல சர்வீஸ் இருக்கா, கடைக்காரர் பில்லு போட்டு தருவாரா? பில்லு இல்லாம ஆயிரம் ரூபா குறைச்சு வாங்கறது வாரண்டியை ஆயிரம் ரூபாய்க்கு விக்கறதுதான்.

அஞ்சாவது, அன்னிக்கு விலை. டாலர்ல சொன்ன விலையை மறந்துடுங்க. இங்க 18 சதவீதம் ஜிஎஸ்டி, அதுக்கு மேல கடைக்கு கடை வித்தியாசம். 2025 கடைசியில மெமரி விலை ஏறினதுல இருந்து பழைய கணக்கு எதையும் நம்ப முடியல. உங்க காசுக்குள்ள இருக்கற மூணு கார்டை எழுதுங்க. நீங்க விளையாடற கேம்ல, உங்க மானிட்டர் அளவுல அது எத்தனை பிரேம் போகுதுன்னு ரெண்டு மூணு இடத்துல பாருங்க. விலையை பிரேமால வகுங்க. மெமரி பத்தாததை அடிச்சுடுங்க.

மிச்சம் இருக்கறதை வாங்குங்க. அதுல என்ன லேபிள் ஒட்டியிருக்குன்னு வீட்டுக்கு வந்து பாத்துக்கலாம்.

அந்த எட்டு ஜிபி கார்டு என்ன ஆச்சு?

மருமகனோட கிளாஸ்ல ஒரு பையன் வாங்கிக்கிட்டான். அவனுது 1080பி மானிட்டர், வாலரன்ட் தவிர வேற தெரியாது. உள்ளதை உள்ளபடி சொல்லித்தான் வித்தோம். "அண்ணே, வெண்ணெய் மாதிரி போவுது"ன்னு போன் பண்ணி சொன்னான். அதே கார்டுதான், அதே கம்பெனிதான். ஒருத்தனுக்கு தண்டச் செலவு, இன்னொருத்தனுக்கு லாபம். இதுக்கு மேல எனக்கு வாதம் எதுவும் தேவையில்ல.

நஷ்டத்துல பாதியை நான் தர்றேன்னு அத்தான் கிட்ட சொன்னேன். வாங்கிக்கல. "அடுத்த தடவை யாராச்சும் கேட்டா அளவு கேட்டுட்டு பதில் சொல்லு"ன்னு மட்டும் சொன்னார்.

அதைத்தான் இப்ப பண்ணிக்கிட்டு இருக்கேன். யாராச்சும் "அண்ணே, என்விடியாவா ஏஎம்டியா"ன்னு கேட்டா, "தம்பி, உன் மானிட்டர் என்ன?"ன்னு திருப்பிக் கேக்கறேன். பாதிப் பேருக்கு கோவம் வருது. வரட்டும்.

பி.கு. 1: மருமகன் மறுபடி வாங்கினது பதினாறு ஜிபி. என்ன கம்பெனின்னு கேக்கறீங்களா? ஹலோ, இவ்வளவு நேரம் நான் என்ன கத்திக்கிட்டு இருந்தேன்?

பி.கு. 2: ரூம்மேட்டோட பேச ஆரம்பிச்சுட்டானாம். இப்ப ஆண்ட்ராய்டா ஐபோனான்னு சண்டை போயிட்டிருக்காம். முடியல... :-(